டொக்டர் பிள்ளை

கம்சிகா டொக்டர் இல்லை. இதை அவளே சிரித்தும் சொல்லிப் பார்த்தாள், சலித்தும் சொல்லிப் பார்த்தாள். தெற்கு லண்டனின் சட்டன் பகுதித் தமிழ்ச் சனம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“நான் டொக்டர் இல்லை, அன்ரி. பிசிஷன் அசோசியேட். டொக்டருக்குக் கீழை வேலை செய்யிறனான்.”

“ஓம் ஓம், டொக்டர் பிள்ளை. இந்தப் பிறஷர் குளிசை போட்டால் தலை சுத்துது. ஒருக்காப் பாரும்.”

இதற்குமேல் அவள் என்னதான் செய்வாள்? கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கிக் காட்டினால், “படத்திலை நல்லா மெலிஞ்சு நிக்கிறீர்” என்பார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பவர், நெஞ்சில் குழாய் வைப்பவர், “மூச்சை இழுங்கோ” என்று நல்ல தமிழில் சொல்பவர் எல்லாரும் அவர்களுக்கு டொக்டர்தான். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, அன்புதான்.

தாய் தவமலர் இந்த விஷயத்தில் எல்லாருக்கும் தலைவி. குரோய்டனில் அகதி விண்ணப்பம் பார்க்கும் அந்தப் பெரிய அரசாங்கக் கட்டடத்தின் வாசலில், ஆறு வயதுக் கம்சிகாவைக் கையில் பிடித்தபடி குளிரில் வரிசையில் நின்றபோதே மகள் டொக்டராவாள் என்று முடிவுகட்டியவர் அவர். நாட்டில் இருக்க விடுவார்களா என்பதே தெரியாத நேரம். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பின்னாளில் மருத்துவப் படிப்புக்கு மகளுக்குப் புள்ளிகள் போதாமல் போனபோது வீட்டில் ஒரு வாரம் ஒழுங்காகச் சமையல் நடக்கவில்லை. கம்சிகா உயிரியலில் ஒரு பட்டம் எடுத்தாள். அதன்மேல் இரண்டு வருடம் பிசிஷன் அசோசியேட் படிப்புப் படித்தாள். பாஸ் என்ற செய்தி வந்த கையோடு தவமலர் ரயிலேறி ஈஸ்ட் ஹாம் போய், பெட்டி பெட்டியாக லட்டு வாங்கி வந்து, “மகள் டொக்டராப் பாஸ் பண்ணிட்டாள்” என்று தெரிந்த வீடெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்.

“அம்மா, நான் மருந்து எழுதிக் கையெழுத்து வைக்கவே ஏலாது. டொக்டர்தான் வைக்க வேணும்.”

“கையெழுத்துத்தானே? அது பிறகு வரும்.”

அது வரவே இல்லை.

இந்தத் தொழிலின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அறுபதுகளில் அங்கே டொக்டர்மாருக்குத் தட்டுப்பாடு. கடற்படையில் காயக்காரரைப் பார்த்துப் பழகிய சிலர், ஊர் திரும்பியபின் அந்தக் கைப்பழக்கத்துக்கு ஏற்ற வேலை இல்லாமல் நின்றார்கள். ஒரு பல்கலைக்கழகம் அவர்களைக் கூப்பிட்டு இரண்டு வருடம் படிப்பித்து, பிசிஷன் அசிஸ்டன்ட் என்று பெயர் வைத்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் கட்டினார்கள், தங்களுக்கென்று பரீட்சை வைத்தார்கள், மாநிலம் மாநிலமாக ஏறி இறங்கிச் சட்டம் கேட்டார்கள். இன்றைக்கு அங்கே மருந்தும் எழுதுகிறார்கள். இங்கிலாந்துக்கு இந்த யோசனை வந்துசேர ஏறக்குறைய நாற்பது வருடம் பிடித்தது. இங்கேயும் முதலில் அசிஸ்டன்ட்தான், பிறகு அசோசியேட் ஆக்கினார்கள். ஒரு சின்னச் சங்கமாகத் தொடங்கியது, மருத்துவர்களின் பழம்பெரும் கல்லூரி ஒன்றின் கூரைக்குக் கீழே ஒரு பீடமாகவும் உட்கார்ந்தது. கம்சிகா அந்தப் பீடத்தில் உறுப்பினராகச் சேர்ந்த நாளில், இனித் தனக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்தாள்.

வேலை கிடைத்ததும் சட்டனிலேயே ஜீபி எனப்படும் குடும்ப டொக்டர்மாரின் கிளினிக் ஒன்றில்தான். அவளுடைய அறைக்கும் டொக்டர் மார்ஷின் அறைக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. காலையில் அவள் ஆட்களைப் பார்ப்பாள். கேட்பாள், தொட்டுப் பார்ப்பாள், யோசிப்பாள். பிறகு அந்தக் கதவைத் தட்டுவாள். மார்ஷ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, “சொல்லு” என்பார். அவள் சொல்வாள். அவர் இரண்டு கேள்வி கேட்பார், சிலவேளை எழுந்து வந்து தானும் பார்ப்பார், மருந்துக்குக் கையெழுத்து வைப்பார். நல்ல மனிதர். அவளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்பதில் அவளுக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. அந்தக் கதவுதான் அவளுடைய தைரியம். இப்படியே எட்டு, ஒன்பது வருடம் போனது. சட்டனில் தமிழ் முதியவர்கள், “எனக்கு டொக்டர் பிள்ளையிட்டை அப்பொயின்மென்ற் போடுங்கோ” என்று ரிசெப்ஷனில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது.

பிறகு காற்று மாறியது. வேறோர் இடத்தில் ஓர் இளம்பெண் இறந்துபோனாள். தன்னைப் பார்த்தவர் டொக்டர் என்றே அவள் நினைத்திருந்தாளாம், பார்த்தவரோ பிசிஷன் அசோசியேட். அந்தச் செய்தியைக் கம்சிகா இரண்டு தரம் படித்தாள். இறந்தவளுக்காகவும்தான், தனக்காகவும்தான். தன்னிடம் வரும் அன்ரிமார் எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறார்கள்? அடுத்த நாள் முழுக்க, வந்த ஒவ்வொருவரிடமும், “நான் டொக்டர் இல்லை, விளங்குதோ?” என்று கேட்டாள். “விளங்குது, டொக்டர் பிள்ளை” என்றார்கள்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. டொக்டர்மாரின் சங்கங்கள் கொதித்தன. ஜீபிமாரின் கல்லூரி, எங்கள் இடத்தில் இவர்கள் வேண்டாம் என்று வாக்களித்தது. மருத்துவக் கவுன்சில் இவர்களைத் தன் பதிவேட்டில் சேர்த்துக்கொண்ட அதே மாதத்தில், கல்லூரிக் கூரைக்குக் கீழிருந்த பீடம் மூடப்பட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பார்களே, அது இதுதான். இவர்களுக்கென்று புதிதாகத் தொடங்கிய தொழிற்சங்கம் வழக்கு, வழக்கு என்றது. அதன் இணையக் கூட்டம் ஒன்றில், லீட்ஸ் நகரில் வேலை இழந்த ஒருவன் மைக்கை மூட மறந்து அழுதான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. கம்சிகா கணினியின் ஒலியைக் குறைத்துவிட்டு, அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கடைசியில் அரசாங்கம் கேட்ட ஆய்வறிக்கை வந்தது. பெயர் மறுபடியும் அசிஸ்டன்ட் ஆகவேண்டும். நோய் இன்னதென்று டொக்டர் கண்டுபிடிக்காத ஆட்களை இவர்கள் முதலில் பார்க்கக்கூடாது. அமெரிக்காவில் இதே தொழிலின் சங்கம் அசிஸ்டன்டை விட்டு அசோசியேட்டுக்கு மாறிக்கொண்டிருக்க, இங்கே வண்டி பின்னால் போனது.

“அசிஸ்டன்ட் எண்டால் என்ன, கடையிலை சாமான் எடுத்துக் குடுக்கிறவை மாதிரியோ?” என்று கேட்டார் தவமலர்.

கம்சிகாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் கோபிப்பது என்று தெரியவில்லை. அறிக்கை எழுதியவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. இறந்துபோன பிள்ளைக்கும் ஞாயம் இருந்தது. டொக்டர் மார்ஷ் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “இனிமேல் புது ஆட்களை முதலில் நான் பார்த்துவிட்டு உன்னிடம் அனுப்புகிறேன்” என்று சொன்னபோது, அவர் முகம் அவள் முகத்தைவிட வாடியிருந்தது. தலையாட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் யோகமலர் வந்தார். தவமலரோடு ஒன்றாக வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர், அறுபது தாண்டியவர், கணவனை இழந்தவர், மகனோடும் மருமகளோடும் இருக்கிறவர். கிளினிக் நடைவழியில் கம்சிகாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“பிள்ளை, உம்மட்டை ஒண்டு காட்ட வேணும்.”

“என்ன அன்ரி?”

“இங்கை வேண்டாம். உள்ளுக்கை.”

“இப்ப அப்பிடி ஏலாது அன்ரி. முதல்லை டொக்டர் பார்க்க வேணும். அவர் பார்த்து அனுப்பினால்தான் நான் பார்க்கலாம்.”

“அவர் பார்த்தால், பிறகு நீர் பார்ப்பீரோ?”

“ஓம். அவசரமோ அன்ரி?”

“சீச்சீ. அவசரம் எண்டில்லை.”

யோகமலரின் முகம் தெளிந்தது. விஷயம் இதுதான்: மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து வருடமான அந்த மனுசிக்கு மறுபடி இரத்தம் படத் தொடங்கியிருந்தது. அந்த வயதில் அது ஒரு துளி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய விஷயம். புற்றுநோயாக இருந்தால் ஒவ்வொரு வாரமும் முக்கியம். யோகமலருக்கு அது தெரியாது. கம்சிகாவுக்குத் தெரியும், ஆனால் அவளிடம் அது சொல்லப்படவில்லை. நடைவழியில் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்க, அவள் அன்ரியின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

யோகமலர் சொன்னபடியே டொக்டர் மார்ஷிடம் அப்பொயின்மென்ற் எடுத்துப் போனார். சொல்லவேண்டும் என்றுதான் போனார். அவர் ஆண் டொக்டர்; கிளினிக்கின் பெண் டொக்டர் பிரசவ விடுப்பில் இருந்தார். சரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் கதிரையில் உட்கார்ந்தார். மார்ஷ் மொழிபெயர்ப்புச் சேவைக்கு அழைப்பெடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம் அம்மா! உங்களுக்கு என்ன கரைச்சல் எண்டு டொக்டர் கேக்கிறார்.”

யோகமலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மொழிபெயர்ப்பாளர் பெயர் சொல்வதில்லை, ஓர் எண்ணைத்தான் சொல்வார். ஆனால் இந்தக் குரலுக்குப் பெயர் எதற்கு? தெற்கு லண்டனில் எந்தக் கல்யாணவீடு, எந்தச் சாமத்தியவீடு, எந்தப் பள்ளிக்கூட ஆண்டுவிழா என்றாலும் மேடையில் மைக் பிடிப்பவர் எமில்டாதான். யோகமலரின் பேத்தி வயசுக்கு வந்தபோது நடந்த சாமத்தியச் சடங்கில், “இதோ, அப்பம்மா ஆரத்தித் தட்டுடன் வருகிறார்” என்று மண்டபம் அதிர அறிவித்த குரல் அது. இந்தக் குரலிடம் இரத்தத்தைப் பற்றிச் சொல்வதா? நாளைக்கு இன்னொரு மண்டபத்தில் இந்த முகத்தைப் பார்ப்பதா?

எமில்டா எதையும் வெளியில் சொல்லியிருக்கமாட்டார், தொழில் நேர்மை உள்ளவர். ஆனால் அதை யோகமலர் எப்படி நம்புவார்?

“முழங்கால் நோகுது,” என்றார் யோகமலர்.

முழங்கால் நோகாத அன்ரி யார்தான் இருக்கிறார்? மார்ஷ் கவனமாகப் பார்த்தார், மடக்கினார், நீட்டினார். வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். “ஒண்டுமில்லை” என்று எமில்டாவின் குரல் அழகாக மொழிபெயர்த்தது. தேய்மானம் என்று முடிவாயிற்று. எக்ஸ்ரேக்கும், மூட்டுக்குப் பயிற்சி கொடுக்கும் உடற்பயிற்சிக்காரரிடமும் அனுப்பிவிட்டு, எல்லாம் முடிந்தபின் தொடர்ந்து கவனிக்கக் கம்சிகாவிடம் போகும்படி எழுதினார். யோகமலருக்கு உள்ளூரச் சந்தோஷம். குரோய்டனில் கண்ட அனுபவம் அவருக்கும் உண்டு. ஒரு ஜன்னலில் எதையாவது சொல்லி முத்திரை வாங்கினால்தான் மற்ற ஜன்னலுக்குப் போகலாம். முத்திரை கிடைத்துவிட்டது. இனி வரிசை நகர்ந்தால் போதும்.

வரிசை நகர்ந்தது, ஆனால் லண்டன் வரிசை மாதிரி நகர்ந்தது. எக்ஸ்ரேக்குக் காத்திருந்தார். உடற்பயிற்சிக்காரருக்கு அதைவிடக் கூடுதலாகக் காத்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பினார். வசந்தம் போய்க் கோடையும் முடிந்து, கோயில் தேரும் இழுத்தாயிற்று. தேரன்று கம்சிகா அவரைக் கண்டாள். “முழங்கால் எப்பிடி அன்ரி?” என்று கேட்டபோது, “வாறன் பிள்ளை, உம்மட்டைத்தான் வாறன்” என்று சிரித்தார். கம்சிகாவும் சிரித்தாள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை யோகமலர் அவளுடைய அறைக்குள் வந்து, கதவைத் தானே சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“முழங்காலைக் காட்டுங்கோ பாப்பம்.”

“முழங்காலை விடும் பிள்ளை. அதுக்கு ஒண்டுமில்லை.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் சொன்னார். இரத்தம், எமில்டாவின் குரல், முத்திரை, எல்லாம். சொல்லி முடித்ததும் பெரிய மூச்சு ஒன்று விட்டார். “இப்பதான் ஆறுதலாக் கிடக்கு. இனி நீர் பாரும்.”

கம்சிகாவின் கை பழக்கதோஷத்தில் கையுறைப் பெட்டியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. இது முழங்கால் இல்லை, டொக்டர் பார்க்காத புது வருத்தம். அவள் தொடக்கூடாது. தொட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். இங்கே தேவை கை இல்லை, காலம். அது ஏற்கெனவே போய்விட்டது.

“அன்ரி, இதை நான் பார்க்க ஏலாது. டொக்டர் மார்ஷ்தான் பார்க்க வேணும். இண்டைக்கே, இப்பவே.”

யோகமலருக்கு விளங்கவில்லை. “அவர்தானே பார்த்திட்டு உம்மட்டை அனுப்பினவர்?”

“அது முழங்காலுக்கு.”

“நீர்தானே சொன்னீர், அவர் பார்த்தால் பிறகு நீர் பார்ப்பீர் எண்டு?”

“ஓம், சொன்னனான்.” அவள் அன்ரியின் முன்னால் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். “நான் பக்கத்திலையே நிக்கிறன். போனிலை ஒருத்தரையும் எடுக்க விடமாட்டன். நானே சொல்லுறன். அவர் நல்ல மனுசன், அன்ரி. கெஞ்சிக் கேக்கிறன்.”

யோகமலர் சேலைத் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். பிறகு, “மகனுக்குத் தெரியவேண்டாம்,” என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

கம்சிகா நடுக்கதவைத் தட்டினாள். மார்ஷ் நாற்காலியைத் திருப்பி, “சொல்லு” என்றார். சொன்னாள். அவர் சரியான கேள்விகளைத்தான் கேட்டார், ஒன்றும் விடவில்லை. அவள் அவற்றைத் தமிழாக்கினாள். பதில்களை ஆங்கிலமாக்கினாள். அந்தக் கேள்விகள் எல்லாம் அவளுக்கும் தெரிந்தவைதான், ஆனால் இன்றைக்கு அவள் எமில்டாவின் இடத்தில் நின்றாள். எப்போது தொடங்கியது என்று கேட்டபோது யோகமலர் சொன்ன மாதத்தைக் கேட்டு மார்ஷ் திரையைப் பார்த்தார். அந்த மாதத்துக்குப் பிறகுதான் இந்த மனுசி தன் முன்னால் உட்கார்ந்து முழங்காலை நீட்டியிருக்கிறார் என்பது அதில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் கேட்டேனே,” என்று மெதுவாகச் சொன்னார். “வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேனே.”

“கேட்டீர்கள்,” என்றாள் கம்சிகா. அவர்மேலும் கோபிக்க முடியவில்லை.

அன்றைக்கே அவசரப் பரிந்துரை போனது. அதன்பின் ஆஸ்பத்திரிக்காரர் மின்னலாகத்தான் வேலை செய்தார்கள். இடையில் கம்சிகாவின் வேலைக்கும் ஒரு முடிவு வந்தது. இந்தக் குளிர்காலத்தோடு அவளுடைய இடத்தைத் தொடர முடியாது என்று கிளினிக் சொல்லிவிட்டது. முன்பென்றால் அவள் இடிந்துபோயிருப்பாள். இப்போது அது இரண்டாம் கவலையாகிவிட்டது. தாயிடம் இன்னும் சொல்லவில்லை. தவமலர் எப்போதும்போல, கோயிலில் யாருக்கோ, “மகளிட்டைக் கேட்டுச் சொல்லுறன், அவள் டொக்டர்தானே” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் யோகமலர் வேறு யாரையும் வேண்டாம் என்றுவிட்டார். மகனுக்கு முழங்கால் என்றே சொல்லியிருந்தார். கம்சிகா லீவு போட்டுவிட்டு அவரோடு பஸ்ஸில் போனாள். ஆஸ்பத்திரியில் போன் மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தார். யோகமலர் போனைக் கண்டதும் எழுந்து வாசல் பக்கம் போகவே, சிறப்பு மருத்துவர் போனைத் தள்ளிவைத்தார். இளவயதுப் பெண், பொறுமையான கண்கள்.

“நீங்கள் இவருக்கு யார்?” என்று கம்சிகாவிடம் கேட்டார்.

“மை டொக்டர்,” என்றார் யோகமலர், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பெருமையாக.

“இல்லை,” என்றாள் கம்சிகா. “மொழிபெயர்க்க வந்திருக்கிறேன்.”

மருத்துவர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். கம்சிகா ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கினாள். புற்றுநோய்தான். கருப்பையோடு நிற்கவில்லை, வெளியேயும் பரவியிருக்கிறது. வைத்தியம் இருக்கிறது, செய்வோம், ஆனால் முழுதாகக் குணமாக்கும் வைத்தியம் இல்லை. கடைசி வசனத்தை அவள் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். யோகமலர்தான் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மருத்துவர் குற்றம் சாட்டாத குரலில் கேட்டார்: “முதலில் கண்டபோதே இவர் வரமுடியாமல் ஏதாவது தடுத்ததா என்று கேட்க முடியுமா?”

கம்சிகா கேட்டாள்.

யோகமலர் அவளை வியப்போடு பார்த்தார். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல. “உம்மட்டை வரவேணும் எண்டுதானே பிள்ளை, இவ்வளவு காலமும் காத்துக்கொண்டிருந்தனான்.”

மருத்துவர் பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சொல்கிறார்?”

மொழிபெயர்க்க வந்தவள் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

“அப்பொயின்மென்ற்றுக்குக் காத்திருந்தாராம்,” என்றாள். மருத்துவர் தலையாட்டிவிட்டு அதை எழுதிக்கொண்டார்.